நயினாரின் ஓட்டைக் காலணா

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்காகப் பட்டறையைச் சாத்திக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. இங்கிலீஷில் இருந்ததைத் தபால்காரரே படித்துச் சொன்னார்: நயினார் காலமாகிவிட்டார், வண்டியோடு வருகிறேன், பத்மாவதி. எனக்கு உடனே அழுகை வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. அவருடைய பங்காளிகள் முன்பு ஒருமுறை பொய்த் தந்தி அடித்து அவரைப் பாதி வழியில் திருப்பிய கதை எனக்குத் தெரியும். சாப்பிடாமல் நேரே தபால் ஆபீசுக்குப் போய், இது எந்த ஊரில் கொடுத்த தந்தி, கொடுத்தது ஆணா பெண்ணா என்று குமாஸ்தாவைக் குடைந்தேன். சிரவணபெளகொளா என்றார். ஆணா பெண்ணா என்பதெல்லாம் தந்தியில் வராது பாய் என்று சலித்துக்கொண்டார். தந்தியைக்கூட நம்பாமல் விசாரிக்கப் போகிற ஆள் இந்தக் காஞ்சிபுரத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் இனி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தபால் ஆபீஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன்.

தர்மசேன நயினாரை அறிந்த உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. நெசவாளர் சங்கம் ஒன்றில் இருபத்தைந்து வருஷம் ஜரிகை சோதித்தவர். அசல் ஜரிகையைச் சுரண்டினால் தங்க முலாமுக்கும் வெள்ளிக்கும் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும், வெள்ளை தெரிந்தால் போலி என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சுரண்டுவதற்கென்று நடுவில் ஓட்டை போட்ட பழைய காலணா ஒன்றை அவர் இடுப்புக் கயிற்றில் சாவியோடு கோத்து வைத்திருந்தார். ஜரிகையோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பித்தளைக் குடம், வெண்ணெய்க் கட்டி, கல்யாணப் பத்திரிகையின் தங்க எழுத்து, எதைக் கொடுத்தாலும் காலணா வெளியே வரும். "மேலாக்க பாத்தா எல்லாமே தங்கந்தாம்பா" என்பார்.

எனக்கு வாலாஜாபாத் ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டுகிற பட்டறை. சங்கத்து வேன் ஒன்று பழுதுக்கு வந்தபோது நல்ல டயரை நான் மாற்றிவிடுவேனோ என்று மூன்று நாள் காவல் உட்கார்ந்தார். அப்படித்தான் பழக்கம். நான் சீக்கிரம் கோபப்படுகிறவன். நாலாம் நாள், "ஏன் நயினார், ராத்திரி டயரைக் கட்டிப்புடிச்சிக்கினு தூங்கறீங்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு வேலை இல்லாவிட்டாலும் வந்து எண்ணெய் டிரம்மின் மேல் உட்காருவார்.

அவர் ஜைனர். விளக்கு வைப்பதற்கு முன் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். துணியில் வடிகட்டாத தண்ணீர் வாயில் படாது. இவற்றோடு சொந்தச் சந்தேகமும் சேர்ந்துகொண்டதால் வெளியூர் அடுப்பில் வெந்த எதையும் அவர் தொட்டதில்லை. அவர் மனைவி பத்மாவதி அம்மாளுக்கோ கிர்னார் மலையிலிருந்து கார்க்களா வரை எல்லா ஜினாலயங்களையும் பார்க்க வேண்டும். பிள்ளைகள் இல்லை, பிடித்து நிறுத்த யாருமில்லை. ஒருமுறை ரயிலில் கிளம்பினார்கள். வாழைப்பழமும் பொரியுமாக ஐந்து நாள் இருந்து, ஹூப்ளியிலிருந்து இளைத்துத் திரும்பி வந்தார்கள்.

"இவர நம்பினா இந்தத் திருப்பருத்திக்குன்றத்து கோயிலத் தவிர நான் ஒண்ணும் பாக்க மாட்டேன், பாய்" என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னார். நயினார் பக்கத்திலேயே இருந்தார். "அடுப்பும் தண்ணியும் நம்ம கூடவே வந்தா போலாம்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதத்தில் நிலத்தை விற்றார். பிறகு வீட்டையும் விற்க ஆள் பார்த்தார். வீட்டை ஏன் விற்கிறீர்கள், திரும்பி வந்தால் தங்க வேண்டாமா என்று நான் சண்டைக்கே போனேன்.

"போன எடத்துல உக்காந்துக்கினு, இங்க நம்ம வூட்ட எவன் என்னா பண்றானோன்னு நெனச்சிக்கினே இருக்கணுமா? வூடே இல்லன்னா அந்தக் கவலையும் இல்ல பாரு."

ஆக, வண்டிதான் அவர்களுக்கு இனி வீடு. அது வழியில் உடைந்தால் இரண்டு பேருக்கும் திறந்துகொண்டு உள்ளே போக வேறு கதவு கிடையாது. இது எனக்கு அன்றே தெரியும். தெரிந்துதான் பின்னால் சொல்லப்போவதைச் செய்தேன்.

வண்டி பார்க்க மூன்று பேரும் ஒன்றாகப் போனோம். மதராசில் ராணுவம் கழித்துவிட்ட லாரி ஒன்று ஏலத்துக்கு வந்திருந்தது. "எதுக்குக் கழிச்சான்? ஓடற வண்டிய எவனாவது கழிப்பானா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். வாலாஜாபாத்தில் ஒரு பழைய ரூட் பஸ் பளபளவென்று நின்றது. இவ்வளவு பாலிஷ் போட்டவன் எதையோ மறைக்கிறான் என்றார். இன்னொருவன் உண்மையாகவே நல்ல வண்டியை மலிவாகச் சொன்னான். மலிவாகச் சொன்னதே குற்றமாகிவிட்டது. பெட்ரோல் வண்டியென்றால் செலவு தாங்காது, டீசல் என்றால் அதிர்வில் தண்ணீர்ப் பானை உடையும் என்று இரண்டு பக்கமும் பேசுவார். ஐந்து மாதம் இப்படியே போயிற்று. அந்த அம்மாள் மூட்டை கட்டிய பாத்திரங்களை அவிழ்க்கவும் மனமில்லாமல் இரண்டு தட்டுகளை மட்டும் வைத்துக் குடித்தனம் நடத்தினார்.

கடைசியில் ஆற்காட்டில் ஒரு தரகரிடம் வண்டி இருந்தது. எங்கோ ஒரு ஆஸ்பத்திரியின் வெள்ளை வேன், டீசல், நின்று நடக்கலாம் போல உயரம். நயினார் சுற்றிச் சுற்றி வந்து, கதவுப் படிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காலணாவால் சுரண்டினார். வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில் சிவப்பு தெரிந்தது.

"சிவப்பு வருதுங்க" என்றார் பத்மாவதி அம்மாள். ஐந்து மாதத்தில் அவர் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். ஜரிகை ஊர்க்காரர்களுக்கு உள்ளே சிவப்பு என்றால் அசல். கண் பழகிய பழக்கம் அது, வண்டியென்று பார்க்காது.

நயினார் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்னா பாய், சிவப்பு வருது?"

எங்கள் தொழிலில் சிவப்பு என்பது துருவுக்கு அடிக்கிற மட்டமான பெயிண்ட். அரித்துப்போன இடத்தில் தகரத்தை ஒட்டி, மேலே சிவப்பை அடித்து, அதற்கும் மேல் வெள்ளையைப் பூசுவார்கள். கதவுப் படியில் சிவப்பு இருந்தால் அடியில் தரைச் சட்டம் போயிருக்கும். அதைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்புதான் தரகர் என்னை ஓரமாக அழைத்து, வியாபாரம் முடிந்தால் உனக்கு இருநூறு என்று சொல்லியிருந்தார். ஆள் அழைத்து வருகிறவனுக்குக் கொடுப்பது தொழிலில் வழக்கம். வாங்குகிறவருக்குத் தெரியாமல் இருப்பதும் வழக்கம்.

"இஞ்சின் கல்லு மாதிரி இருக்குது நயினார். கண்ண மூடிக்கினு வாங்கலாம்" என்றேன். இஞ்சினைப் பற்றிச் சொன்னது உண்மைதான். அவர் கேட்டது இஞ்சினை அல்ல. அவர் முன்பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று நாள் கழித்துத் தரகர் என் பட்டறைக்கு வந்து பணத்தைக் கொடுத்துவிட்டுப் புலம்பினார். "உங்க ஆளு மறுநாளே தனியா வந்தாரு பாய். வேட்டியோட வண்டிக்கு அடியில படுத்தாரு. எழுந்து வந்து, ஐந்நூறு கொறச்சாதான் பாக்கி தருவேன்னு உக்காந்துட்டாரு. ஏன்னு கேட்டா பதிலே இல்ல." சரியான சந்தேகப் பிராணி என்று சொல்லி நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். அந்த இருநூறில் ஒரு துளைபோடும் மிஷின் வாங்கினேன்.

வண்டி என்னிடம் வந்தது. பலகையைத் தூக்கிப் பார்த்தால் கதவுப் பக்கத்துச் சட்டம் விரலால் குத்தினாலே உதிர்ந்தது. மறுநாள் நயினார் வந்து ஐந்நூறு ரூபாயை என் கையில் வைத்தார். "இது தரைக்கு மட்டும். மத்த வேலைக்கு அப்புறம் தரேன். தரைய மட்டும் நல்லா போடு." எத்தனையோ செலவிருக்கத் தரைக்கென்று ஏன் தனியாகக் கொடுக்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. குற்றமுள்ளவன் தன் குற்றத்தைத்தான் நினைத்துக்கொண்டிருப்பான், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கமாட்டான். பழைய சட்டத்தைக் காதும் காதும் வைத்தமாதிரி எடுத்துவிட்டுப் புது இரும்பு போட்டேன். தேக்குப் பலகை போட்டேன். படியோரத்தில் இரண்டடி நீளத்துக்குப் புதுத் தகரம் அடித்து, சிவப்பு பூசி, வெள்ளை பூசினேன். ஒரு பக்கம் அடுப்புமேடை, வாயில் வடிகட்டுத் துணி கட்டிய தண்ணீர்த் தொட்டி, பகலில் பெஞ்சாக மாறுகிற கட்டில் என்று ஆறு வாரம் என் கையாலேயே செய்தேன். ஆட்களை நம்பவில்லை. அவருடைய வியாதி எனக்கும் தொற்றியிருந்தது.

அவர் தினமும் டிரம்மில் உட்கார்ந்து பார்ப்பார். ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டார்: "பாய், இந்த வண்டியில உனக்கு ஏதாவது கெடச்சுதா?"

எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. சுத்தியலைக் கீழே போட்டேன். "என்னையே சந்தேகப்படறீங்களா? இத்தினி வருஷப் பழக்கத்துக்கு இதான் மரியாதையா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். கோபம் பொய்யில்லை, நிஜமாகவே வந்தது. அதுதான் கேவலம். "கேட்டேன், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து டிரம்மில் உட்கார்ந்து, "அந்த ஆணி துருப்புடிச்சிருக்குது, மாத்து" என்றார்.

டிரைவர் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கூடாது என்றார். கோடையில் தாமல் ஏரி வற்றிக் கிடந்தபோது அந்தத் தரையில் நானே கற்றுக்கொடுத்தேன். தன் கண்ணையும் அவர் முழுக்க நம்பவில்லை, அதனால் மனைவியும் பழக வேண்டும் என்றார். உண்மையைச் சொன்னால் அந்த அம்மாள்தான் சீக்கிரம் பழகினார். நயினார் ஸ்டியரிங்கைப் பிடித்தால் பிரேக் பிடிக்குமா என்று பத்தடிக்கு ஒருதரம் மிதித்துப் பார்ப்பார்.

அவர்கள் கிளம்பியபோது ஊர் பேசாத பேச்சில்லை. பட்டு கடத்துகிறார், சங்கத்துத் தங்கத்தை ஒளித்திருக்கிறார், கட்டிலுக்கடியில் ரகசிய அறை இருக்கிறது. ரகசிய அறை செய்தாயா என்று என்னிடமே வந்து கேட்டார்கள். சித்தூர்ப் பக்கம் ஒரு செக்போஸ்டில் போலீஸார் இவர்கள் வண்டியை இரண்டு மணி நேரம் குடைந்தார்களாம். அதைப் பற்றி அவர் எழுதிய கார்டில், 'ஒழுங்காக வேலை பார்க்கிற ஒரு மனிதனைப் பார்த்தேன்' என்று சந்தோஷப்பட்டிருந்தார். எட்டு வருஷம் இரண்டு மாதத்துக்கு ஒரு கார்டு வந்தது. எந்த ஊர்த் தண்ணீரில் தூசி, எந்த ஊர் பெட்ரோல் பங்கில் டீசல் குறைவாக ஊற்றுகிறான் என்று எழுதுவார். கடைசி வரி மட்டும் மாறாது: 'தரை தாங்குகிறது.' ஒவ்வொரு தரமும் அதைப் படித்ததும் கார்டை மடித்து வைத்துவிடுவேன்.

தந்தி வந்த பதினோராம் நாள் காலையில் வண்டி என் பட்டறை வாசலில் வந்து நின்றது. டிரைவர் சீட்டிலிருந்து பத்மாவதி அம்மாள் இறங்கினார். மலையடிவாரத்தில் வண்டிக்குள்ளேயே, சாயங்காலச் சாப்பாட்டை முடித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்றார். காரியமெல்லாம் அங்கேயே முடிந்துவிட்டதாம். அழாமல் சொன்னார்.

"வண்டிய ஒரு தபா பாத்துடு பாய். திரும்பக் கெளம்பணும்."

உள்ளே ஏறினேன். கதவுப் படியோரம் விரித்திருந்த பாயைத் தூக்கினேன். என் புதுத் தகரம் இருந்த அதே இரண்டடியில், வரிசையாகச் சுரண்டல்கள். எண்ணிப் பார்த்தேன், எட்டு. வெள்ளையைத் தாண்டி, சிவப்பைத் தாண்டி, தகரம் வரைக்கும். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. நான் ஒட்டுப்போட்ட இடம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று எட்டு வருஷமாக நம்பியிருந்தேன்.

படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பைப் பற்றி, இருநூறைப் பற்றி, கத்தியதைப் பற்றி.

"தெரியும் பாய்" என்றார் அந்த அம்மாள். "ஆற்காட்டுல வண்டி அடியில படுத்துப் பாத்துட்டு வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு. வாணாங்க, வேற வண்டி பாக்கலாம், வேற பட்டறைக்குப் போலாம்னு நாந்தான் அழுதேன். 'வேற ஆளுகிட்ட போனா அவன் எங்க ஏமாத்தினான்னு நமக்குத் தெரியாது. பாய் எங்க ஏமாத்தினான்னு தெரியுது. அந்த எடத்த அவனே நல்லா கட்டிடுவான், பாரு'ன்னாரு. வருஷா வருஷம் தீபாவளி அன்னிக்கி சுரண்டிப் பாத்துட்டு, கட்டிட்டாண்டின்னு சொல்லுவாரு."

ஊரில் யாரையும் நம்பாதவர் என்று பேரெடுத்த மனிதர், எட்டு வருஷம் தன் மனைவியையும் தன் உயிரையும் என் தகரத்தின் மேல் வைத்துப் படுத்திருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க எனக்கு எட்டு வருஷம் இருந்தது. கேட்கவில்லை. அதனால்தான் அவரை அறிந்த உங்கள் எல்லோர் முன்னிலும் இதை எழுதுகிறேன்.

பத்மாவதி அம்மாள் நேற்றுக் கிளம்பிவிட்டார், தனியாக. கிர்னாரை இரண்டு தரம் பார்த்தாயிற்று, மூன்றாம் தரம் போகிறாராம். போகும்போது இடுப்பிலிருந்து சாவிக் கயிற்றை அவிழ்த்து, சாவியைத் தான் வைத்துக்கொண்டு காலணாவை என்னிடம் கொடுத்தார். "தீபாவளிக்கு வண்டிய ஓட்டிக்கினு வரேன். இனிமே நீயே சுரண்டிப் பாரு" என்றார்.

காலணா என் சட்டைப் பையில் இருக்கிறது. நயினாரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அதுவும், ஒன்பதாவது சுரண்டலுக்கு அந்தத் தகரத்தில் மீதியிருக்கிற இடமும்தான்.