நகர்த்தியதா, நகலெடுத்ததா

ரஃபியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். எந்தப் பொருளையும் அது இருக்கிற இடத்துக்கே போய்ப் பார்த்தாக வேண்டும். உத்தமபாளையத்தில் அவள் படித்த பள்ளிக்கு முதல் கணினி வந்தபோது மற்றப் பெண்கள் திரையில் பூ வரைந்தார்கள். இவள் பெட்டிக்குப் பின்னால் போய் நின்று, "பூ இப்ப எங்கன இருக்கு டீச்சர்?" என்று கேட்டாள். ஹார்ட் டிஸ்க்கில் என்றார் டீச்சர். திறந்து காட்டச் சொன்னாள். காட்டவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து, பழுதாகி ஒதுக்கிய ஒன்றை அவளே திறந்தாள். உள்ளே பளபளவென்று ஒரு தட்டு. அதில் அவள் முகம்தான் தெரிந்தது.

கல்லூரி முடித்ததும் கம்பத்துக்கு வெளியே ஒரு திராட்சைக் குளிர்பதனக் கிடங்கில் டோக்கன் அடிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். சில வருஷங்களில் சர்வர் அறைச் சாவி அவளிடம் இருந்தது. யாரும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. அந்த அறையின் இரைச்சல் மற்றவர்களுக்கு ஆகவில்லை. இவளுக்கு ஆயிற்று.

கிடங்கில் எட்டு அறைகள். எந்த அறைக்கு எப்போது எவ்வளவு குளிர் என்பதை ஒரு மென்பொருள் பார்த்துக்கொண்டது. அது ஓடிய கணினியை யாரும் தொட முடியாது. வெர்ச்சுவல் மெஷின். பெரிய சர்வர் ஒன்றுக்குள், தானும் ஒரு கணினி என்று நம்பிக்கொண்டு ஓடுகிற கணினி. அதன் ஹார்ட் டிஸ்க் என்பது சர்வரில் கிடக்கும் எண்பது ஜிபி கோப்பு ஒன்று. ரஃபியாவை இது ரொம்ப நாளாகக் குடைந்துகொண்டிருந்தது.

2010 மாசியில் பழைய சர்வர் முனக ஆரம்பித்தது. புது சர்வர் வந்து இறங்கியது. உள்ளே ஓடுகிற கணினியை இதிலிருந்து அதற்குக் கொண்டுபோக வேண்டும். முதலாளி நாகராஜ் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றிடம் பேசி வைத்திருந்தார்.

"அவுக வந்து மாத்திக் குடுத்தா, பெறகு வருசம் பூரா அவுகளே பாத்துக்கிருவாகளாம். அறைச் சாவியும் அவுககிட்டதான்."

"நானே மாத்திருவேன் சார்."

"சட்டி பானையத் தூக்கி அடுத்த வீட்ல வைக்கிற வேலையா இது?"

"அதவிடச் சுலபம் சார். தூக்குறதுக்கு ஒண்ணுமே இல்ல."

நாகராஜ் சிரித்துவிட்டார். "சரித்தா. செவ்வாக்கெழம செய். ரெண்டு மணிக்குக் கரண்டு போறதுக்குள்ள ஓடணும். ஓடலேன்னா அங்கனயே நின்னு அவுகளுக்குப் போனப் போடுவேன். பெறகு சாவிக்கு மூஞ்சியத் தூக்கக் கூடாது."

இரண்டு மணிக்கு அர்த்தம் இருந்தது. அப்போது தினமும் இரண்டு மணிநேர மின்வெட்டு. ஜெனரேட்டரால் எட்டு அறையையும் ஒரே நேரத்தில் குளிர்விக்க முடியாது. எந்த அறைக்கு முதலில், எதற்குப் பிறகு என்று முறை வைத்துக் கொடுத்தது அந்த மென்பொருள்தான். அது இல்லாவிட்டால் ஏதோ ஒரு அறைப் பழம் வெந்துபோகும்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு ரஃபியா அந்தக் கணினியை நிறுத்தினாள். மொக்கம்மாளும் நாலு பெண்களும் அறை அறையாகப் போய் வெப்பமானி பார்த்து, கதவில் சாக்பீஸால் எழுதி, கையால் சுவிட்சைப் போட்டு அணைத்தார்கள். மொக்கம்மாள் கிடங்கில் பத்து வருஷம். அவள் குரலுக்கு மைக் வேண்டாம். "மூணாம் நம்பரு ரெண்டர! அமத்து!"

திரையில் கோடு மெதுவாக நீண்டது. பாதியில் மொக்கம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"போயிக்கிட்டு இருக்காத்தா?"

"பாதி போயிருச்சுக்கா."

"இப்ப எங்கன நிக்குது? சின்னமனூரா?"

ரஃபியா ஒரு முழ நீள நீல வயரைக் காட்டினாள். "இதுக்குள்ளதான்."

"எலி கடிச்சா?"

"மறுபடி மொதல்லருந்து."

"அடி ஆத்தி! எலிப் பத்தாயத்த எடுத்தாறேன்."

அவள் போன பிறகு ரஃபியா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி போயிருச்சு என்றது சரியா? இங்கிருந்து எதுவும் குறையவில்லை. எண்பது ஜிபியும் அப்படியே கிடக்கிறது. அங்கே நாற்பது முளைத்திருக்கிறது. இதைப் போவது என்று சொல்லலாமா?

பதினொன்றே கால் மணிக்குக் கோடு முடிந்தது. புது சர்வரில் கணினியைத் தொடங்கினாள். திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. இந்தக் கணினியை நகர்த்தினாயா, நகலெடுத்தாயா?

அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் வாப்பா முகைதீனுக்கு அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்டம். கொடியில் குச்சி வெட்டி நட்டுத்தான் அங்கே புதுத் தோட்டம் போடுவார்கள். எந்தத் தோட்டத்துக் குச்சி என்று கேட்டால் சொல்லியாக வேண்டும். மறைத்தால் திருட்டுக் கொடி. காய்த்து ஓய்ந்த கொடியைக்கூட, "இது சங்கிலியம்மா தோட்டத்துக் குச்சி" என்றுதான் முகைதீன் வந்தவர்களுக்குக் காட்டுவார். தாய்க்கொடி அங்கே இருக்கிறது, குச்சி இங்கே வந்திருக்கிறது. நகலெடுத்தேன் என்று அழுத்தினாள்.

கணினி எழுந்தது. மென்பொருளும் திறந்தது. எட்டு அறைக்கும் உரிய எட்டுக் கட்டங்களும் சாம்பல் நிறத்தில் நின்றன. கீழே ஒரு வரி: இந்த உரிமம் வேறொரு கணினிக்கு உரியது.

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. "ஆறாம் நம்பரு அஞ்சுக்கு ஏறிருச்சு ஆத்தா!" என்று வெளியிலிருந்து சத்தம். நாகராஜ் வாசலில் வந்து நின்றார். கையில் செல்போன்.

அந்த நேரத்தில் ரஃபியாவுக்குப் பயம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தேகம். ஒரு எழுத்துக்கூட மாறாமல் வந்திருக்கிறது. இடம் மாறியது இதற்கு எப்படித் தெரிந்தது?

ஒவ்வொரு வெர்ச்சுவல் மெஷினுக்கும் பெரிய கோப்போடு ஒரு சின்னக் கோப்பும் உண்டு. இந்தக் கணினி எப்படிப்பட்டது என்று எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு. பழைய சர்வரில் இருந்ததையும் புதியதில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். எல்லாம் ஒன்றாகவே போய், அடையாள எண்ணில் வேறுபட்டது. நெட்வொர்க் கார்டின் எண்ணும் வேறாக இருந்தது. இல்லாத கார்டுக்கு ஒரு எண். மென்பொருள் அதைப் பார்த்துத்தான் தன் வீட்டை அடையாளம் கண்டிருக்கிறது. அந்த எண்ணை மாற்றியது அவள் சொன்ன பதில். நகல் என்றால் வேறு ஆள். வேறு ஆளுக்கு வேறு எண்.

கணினியை அணைத்து, பழைய குறிப்பைக் கொண்டுவந்து புதியதன்மேல் எழுதி, மறுபடி தொடங்கினாள். மறுபடி அதே கேள்வி. கை நின்றது.

"என்னமோ கேக்குதே?" என்றார் நாகராஜ்.

"நகர்த்துனியா நகலெடுத்தியான்னு கேக்குது சார்."

"நீ என்ன செஞ்ச?"

"நகலெடுத்தேன்."

"அப்ப அதச் சொல்லு."

"சொன்னேன் சார். அதான் வம்பாப் போச்சு."

நகர்த்தினேன் என்று அழுத்தினாள். ஒன்று பத்துக்கு முதல் கட்டம் பச்சையானது. பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. இரண்டு மணிக்குக் கரண்டு போய், ஜெனரேட்டர் உறுமி, முதல் முறை ஆறாம் அறைக்குப் போயிற்று. நாகராஜ் போனைச் சட்டைப்பையில் போட்டார். "சாப்பிட்டியாத்தா?" என்றார். சாவியைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை.

வெள்ளிக்கிழமை ரஃபியா அவரிடம் போனாள். "பழச அழிக்கணும் சார்."

"கெடக்கட்டுமே, ஆபத்துக்கு உதவும்."

"ரெண்டும் ஒண்ணா முழிச்சாத்தான் சார் ஆபத்து. ஒரே நம்பர்ல ரெண்டு பேரு. எட்டு அறையும் யாரு பேச்சக் கேக்கும்?"

"அதுல எது நெசம்?"

"ரெண்டுமே நெசம்தான் சார்."

இந்தப் பதில் நாகராஜுக்குப் பிடிக்கவில்லை. "என்னமும் பண்ணு" என்று கணக்குப்பிள்ளையைக் கூப்பிடப் போய்விட்டார்.

அழி என்று கொடுத்தாள். உறுதியா என்று கேட்டது. உறுதி. வந்து சேர இரண்டே கால் மணிநேரம் எடுத்துக்கொண்ட எண்பது ஜிபி, நாலு நொடியில் இல்லாமல் போயிற்று. பழைய சர்வர் அதே முனகலோடு ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து கதவுவரை போனவள் திரும்பினாள். எழுத அவ்வளவு நேரம், அழிக்க இவ்வளவுதானா? அப்படியென்றால் அழிந்தது கோப்பா, அதன் பெயர் மட்டும்தானா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.