சப்பாத்துச் சத்தம்

மலேசியாவின் கிள்ளான் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாள், என் கால் தரையில் பாவவில்லை. ரப்பர் தோட்டத்தில் வெறுங்காலோடு வளர்ந்தவள் நான். இப்போது வெள்ளை உடுப்பு, வெள்ளைச் சப்பாத்து!

பெண்கள் வார்டுக்குள் 'டக் டக்'கென்று நுழைந்தேன். காலில் கட்டுப் போட்டிருந்த தோட்டத்து அக்கா ஒருவர் பதறிக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கினார். தோட்டத்தில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் துரையோ கணக்கெழுதும் கிராணியோ வருகிறார் என்று அர்த்தம். எழுந்து நிற்காவிட்டால் ஏச்சுதான். என் அம்மாவும் அப்படி எழுந்து நின்றவர்தான்.

ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தேன்.

"எந்திரிக்காதீங்கக்கா! நானும் தோட்டத்துப் புள்ளதான்."

அவர் நம்பவில்லை. மேலும் கீழும் பார்த்தார். நான் நொண்டுவதைக் கண்டதும் சிரித்துவிட்டார்.

"சப்பாத்து கடிக்குதா மிஸ்ஸி? குதிகால்ல கொஞ்சம் பஞ்சு வைங்க."

மிஸ்ஸி! தாதிகளை அழைக்கும் அந்தச் சொல் முதன்முதலாக எனக்கு! வலியெல்லாம் பறந்துபோனது.

மறுநாள் அதே சத்தத்தோடு நுழைந்தேன். அக்கா எழவில்லை. படுத்தபடியே கையை ஆட்டினார்.

பிறகு ஊசி போடக் கற்றேன், பிரசவம் பார்த்தேன். ஆனாலும் என்னைக் கண்டு ஒருவர் எழாமல் படுத்திருந்தாரே, அந்தப் பெருமை வேறு.