அப்பாவுக்கு இரண்டு பெட்டிகள்

இந்த ஒஹையோ ஊர்க்காரர்கள் சனிக்கிழமை காலையில், செத்துப்போன தாத்தாக்களை ஃப்ளாப்பியில் போட்டுக்கொண்டு நூலகத்துக்கு வருகிறார்கள். நாம் ரேஷன் கடைக்குப் பை கொண்டுபோகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக. காப்பி, இரண்டு கம்ப்யூட்டர், 'உங்கள் கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தார்?' என்ற விசாரிப்பு. வேலைக்கு வந்து எட்டு மாதமாகியும் வாரக்கடைசியில் பேச ஆளில்லாமல் அறைக்குள் நடந்துகொண்டிருந்த எனக்கு அந்தக் கூட்டம் பிடித்துப்போயிற்று. ஆளுக்கொரு பெட்டி போட்டுக் குடும்ப மரம் வரையும் சாஃப்ட்வேர் சிடி ஒன்றை வாங்கினேன். ஒரே வாரத்தில் மந்தைவெளி வீட்டுக்கு மூன்று முறை போன் போட்டு நாற்பது பேரை ஏற்றிவிட்டேன்.

நீங்களும் ஆரம்பிப்பதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன்: வருஷத்தைக் கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது. 'அந்தக் கல்யாணத்தப்போ யார் இடுப்புல எந்தக் குழந்தை இருந்துச்சு?' என்று கேளுங்கள், கடகடவென்று வரும். பத்திரத்தில் பார்த்ததையும் காதால் கேட்டதையும் தனித்தனியாகக் குறித்துவையுங்கள். சாஃப்ட்வேர் குடும்பப் பெயர் கேட்டு அடம்பிடித்தால் இனிஷியலைக் கொடுத்து வாயை அடைத்துவிடுங்கள்.

அப்பாவிடம்தான் மாட்டிக்கொண்டேன். என் அப்பா, அம்மாவுக்குத் தாய்மாமன். அம்மாவைப் பெற்ற ரங்கம்மா அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. எங்கள் பக்கத்தில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. அம்மா இன்றைக்கும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் இரண்டாம் வரிசையில் ரங்கம்மாவின் தம்பியாக இருந்தவரை மூன்றாம் வரிசையில் அம்மாவின் கணவராகவும் போட்டதும், திரையில் 'தவறு' என்று ஒரு மஞ்சள் முக்கோணம் வந்து நின்றது. நூலகத்தில் அன்றைக்குப் பக்கத்து நாற்காலியில் கிரெய்க். தபால் பட்டுவாடா செய்கிறவன், என் வயதுதான்.

"எங்கோ தப்பாக அடித்துவிட்டாய். இதன்படி உன் அம்மா சொந்த மாமாவையே கட்டியிருக்கிறாள்!" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். "ஆமாம், டைப்பிங் தப்பு."

"ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்திருப்பார்கள். இன்னொரு பெட்டி போட்டுவிடு."

போட்டேன். முக்கோணம் போய்விட்டது. வசந்தத்தில் எல்லோருடைய மரமும் நூலகச் சுவரில் தொங்கப்போகிறது, உன்னுடையதும் வேண்டும் என்றான். தலையாட்டினேன்.

மூன்று வார லீவில் ஊருக்குப் போனபோது அந்த மரத்தைத் தாள் தாளாக அச்செடுத்து, செலோடேப் போட்டு ஒட்டி, மந்தைவெளி வீட்டுத் தரையில் விரித்தேன். பெருமை தாங்கவில்லை எனக்கு. அம்மா குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இன்னாடி இது, மாமா ரெண்டு எடத்துல கீறாரு?"

தி.நகர் தையல் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்த அப்பா, கழுத்தில் டேப்போடு எட்டிப்பார்த்தார். "எங்கக்கா பக்கத்துல நிக்கிறேன், பொண்டாட்டி இல்ல. உன் பக்கத்துல நிக்கிறேன், பெத்தவங்க இல்ல. உன் பொண்ணு நைனாவ அநாதையாக்கிட்டா, பாத்துக்க."

நான் சிரித்துக்கொண்டே முக்கோணத்தைப் பற்றியும் கிரெய்க்கைப் பற்றியும் சொன்னேன். "தப்பா அடிச்சுட்டேன்னு சொல்லிட்டேம்மா."

தாளின் மேல் ஊர்ந்துகொண்டிருந்த அம்மாவின் விரல் நின்றது. "எது தப்பு? நாங்க கட்டிக்கினதா?"

"அங்க அத வேற மாதிரி நெனப்பாங்கம்மா."

"அவுங்க இன்னா வேணா நெனைக்கட்டும். நீ இன்னா நெனைக்கிற?"

நான் தாளின் ஓரத்தில் பிரிந்திருந்த செலோடேப்பை அழுத்தி ஒட்டினேன். அம்மா எழுந்து சோறு போடப் போய்விட்டாள்.

அப்பா தரையில் உட்கார்ந்தார். சட்டைக் காலரில் குத்தியிருந்த குண்டூசியை எடுத்தார். மூன்றாம் வரிசைத் தாளை மேலே இழுத்து, தன் ஒரு பெட்டியை மற்றொன்றின் மேல் சரியாகப் பொருத்திக் குத்தினார். "இப்ப ஒரே ஆளு."

"கோணிக்கினு நிக்குதே மாமா," என்றாள் அம்மா, சமையலறை வாசலிலிருந்து.

"துணின்னா ஐயன் போட்டுடலாம். காயிதம் படியாது. நிக்கட்டும் போ."

அதை அப்படியே அட்டைக் குழாயில் சுருட்டி எடுத்துவந்தேன். விமானத்தில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, அந்த ஊசியைப் பிடுங்கிவிடலாமா என்று எத்தனை தடவை யோசித்தேன் என்று கேட்காதீர்கள்.

சுவரில் மாட்டுகிற அன்று கிரெய்க் ஊசி குத்திய இடத்து உப்பலை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான். "ஊசியை எடுத்துவிட்டால் தட்டையாக நிற்கும்."

"எடுக்காதே. அன்றைக்கு நான் தப்பாக அடிக்கவில்லை. என் அம்மா தன் மாமாவைத்தான் கட்டிக்கொண்டாள். பெட்டி ஒன்றுதான்."

"ஓ," என்றான். கையிலிருந்த காப்பியைக் குடித்தான். பிறகு மேல் மூலைகளுக்கு மட்டும் டேப் ஒட்டினான்.

மற்ற மரங்களெல்லாம் சுவரோடு படிந்திருக்கின்றன. என்னுடையது மட்டும் நடுவில் உப்பி நிற்கிறது. அம்மா வழியில் எண்ணினால் நான் நான்காம் வரிசை, அப்பா வழியில் மூன்றாம் வரிசை. ஊசி இழுத்த இழுப்பில் என் பெட்டி இருக்கும் தாள் சுவரை விட்டு விலகித் தொங்குகிறது. யாராவது கதவைத் திறந்தால் குளிர்காற்றில் அது அசைகிறது. அசைந்து முடிப்பதற்குள் இன்னொருவர் வந்துவிடுகிறார்.