விளக்கு வைக்கும் நேரத்துப் பாட்டு

ரேடியோவில் அந்தக் கரகரத்த குரல் கேட்டதும் அமெரிக்கா வந்த புதிதில் நாங்கள் குடியிருந்த ரிச்சர்ட்சன் அபார்ட்மென்ட் கண்முன் வந்தது. எதிர்வீட்டு டெல்லா ஆன்ட்டி, துயரத்தை இழுத்து இழுத்துப் பாடும் ப்ளூஸ் இசைப் பாடகி. வார இறுதியில் பார்களில் பாடி, தன் கேசட்டுகளைத் தானே விற்பார். மற்ற சாயங்காலங்களில் மாடிப்படியில் கிதாரோடு உட்கார்ந்து பாடுவார்.

"விளக்கு வைக்கிற நேரத்துல என்னடி ஒப்பாரி? ஸ்டாப் பண்ணச் சொல்லு," என்றாள் அம்மா. போய்ச் சொன்னேன். அதன்பின் எங்கள் ஜன்னலில் விளக்கைப் பார்த்ததும் ஆன்ட்டி பாட்டை நிறுத்திவிடுவார்.

ஊரில் பெரியம்மா இறந்தபோது, கிரீன் கார்டுக்காகக் காத்திருந்த அம்மாவால் போக முடியவில்லை. அன்று விளக்கேற்றாமல் எதிர்க்கதவைத் தட்டினாள். "மை சிஸ்டர் நோ மோர். ப்ளீஸ் சிங்." ஆன்ட்டி இருட்டும்வரை பாடினார்.

இப்போது ரேடியோவில், டெல்லா ஆன்ட்டி காலமானதாகச் சொல்லி இன்னொரு பாட்டைப் போட்டார்கள். விளக்கேற்ற வந்த அம்மா தீப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

"வால்யூம் கூட்டுடி," என்றாள்.