ஒட்டகம் என்று பேர் வாங்கியவள்

தையல் கம்பெனியில் அவளை எல்லோரும் ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். காலை டீயோடு சரி, அப்புறம் பொழுது சாயும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். இருபத்திரண்டு வருஷமாகச் சட்டைகளுக்குப் பொத்தான் துளை, அதாவது காஜா, எடுக்கிறாள். "அக்கா, உன்ன பாலைவனத்துக்கு அனுப்பினா சம்பளம் ஜாஸ்தி தருவாங்க" என்று பொத்தான் தைக்கிறவள் சீண்டினால், அவளும் சேர்ந்து சிரிப்பாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பெருமைப்பட அதில் ஒரு மண்ணும் இல்லை. கம்பெனியில் அறுபது பெண்களுக்கு ஒரே கக்கூஸ். தாழ்ப்பாள் கிடையாது, வெளியே ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவள் குடியிருக்கும் சந்தில் பொதுக் கழிப்பறை கட்டினார்கள், ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர்க் குழாய் போட மட்டும் மறந்துவிட்டார்கள். மூன்றே மாதத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிற இடமாகிவிட்டது. பெண்கள் பழையபடி விடியுமுன்னும் இருட்டிய பிறகும் தண்டவாளத்து ஓரம் போனார்கள். நடுவில் பகல் முழுக்க அடக்கிக்கொள்ள வேண்டும். குடிக்காமலே இருந்துவிட்டால் அந்த வம்பு இல்லை. மகள் பெரியவளானதும் அவளுக்கும் அதையே பழக்கிவிட்டாள்.

அந்த மகளுக்கு இப்போது ஏழாம் மாதம். அவளுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. மூன்று நாளாகக் குளிர் காய்ச்சல், இடுப்பு வலி என்று சுருண்டு கிடந்தவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பாங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கண்ட நேரத்துல குடிக்க மாட்டா டாக்டர். நான் அப்படித்தான் வளத்திருக்கேன்" என்றாள் ஒட்டகம், பாராட்டை எதிர்பார்க்கிற குரலில்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அதனாலதாம்மா மூத்திரத்துல கிருமி சேந்து கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. இப்படியே விட்டா குழந்தை இப்பவே பொறந்துடும், பொழைக்கறது கஷ்டம். மருந்து நான் குடுக்கறேன், தண்ணி நீங்க குடுங்க. வீட்டுக்குப் போனாலும் நிறுத்தக் கூடாது."

ஒட்டகம் வராந்தாவுக்கு வந்தாள். என் கையாலேயே என் பிள்ளைக்குக் குழி தோண்டியிருக்கிறேனே என்று சுவரில் சாய்ந்து அழுதாள். அழுது முடித்து, வார்டுக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். மகள் வாங்கவில்லை. தலையைத் தூக்கி, வார்டின் கோடியில் இருந்த கக்கூஸ் கதவைப் பார்த்தாள்.

"தாழ்ப்பா இருக்காம்மா?"

ஒட்டகம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "இருக்குடி. கொழாய்ல தண்ணியும் வருது. குடி, தாயி."

மகள் மடமடவென்று குடித்தாள். இரண்டாவது டம்ளரையும் குடித்தாள். மூன்றாவதைப் பாதியில் நிறுத்தினாள்.

"போதும்மா. இப்படியே பழகிட்டா, வீட்டுக்குப் போய் என்ன பண்றது?"

ஒட்டகம் பாதி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது: குடிக்காமல் இரு. அதைத்தான் டாக்டரம்மா விட்டுவிடச் சொல்லியிருந்தார்.