நான் களவாடிய கேள்வி

ஒரு மனிதரின் கேள்வியை நான் களவாடினேன். பட்டப்பகலில், எல்லோர் முன்னிலையிலும், மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு!

பர்மாவின் யாங்கோனில் ஆங்கிலம் கற்பிப்பவள் நான். அதனால் எல்லோருக்கும் சயாமா, அதாவது டீச்சரம்மா. காசாவின் சமாதானத்துக்காக எங்கள் ஆலயக் கூடத்தில் ஒரு ஜெபக்கூட்டம் நடத்தினோம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று இங்குள்ள தமிழர் பலரும் வந்தார்கள். எருசலேமிலிருந்து யூத மதகுரு ஒருவர் திரையில் பேசினார். ஒலிவ அறுவடையில் பாலஸ்தீன விவசாயிகளுக்குத் துணை நின்று, அவர்களை விரட்ட வந்த தம் இனத்தாரிடமே அடி வாங்கியவர். அவருக்கு மொழிபெயர்த்தவள் நான்.

லான்மடாவ் கடைத்தெருவில் டார்ச்சும் பேட்டரியும் விற்கும் காசிம் பாய் எழுந்தார்.

“கேளுங்க சயாமா. அடிக்கிறவன் கையைப் பிடிக்காம, அடிபடுறவனையும் பக்கத்துல உக்கார வச்சு சமாதானம்னு ஜெபிச்சா, அது யாருக்கு லாபம்? இவங்க ஜெபத்தால ஒரு வீடாச்சும் இடிபடாம நின்னுச்சா?”

எங்கள் ஆலயப் போதகரின் முகம் சுருங்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? “இந்தச் சகோதரர் உங்களுக்கு நன்றி சொல்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஆங்கிலம் புரிந்த ஓரிருவர் தலைகுனிந்தார்கள், யாரும் திருத்தவில்லை.

குரு முகம் மலர்ந்து சிரித்தார்!

“இடிஞ்ச வீட்டைப் பத்திக் கேட்டா சிரிக்கிறாரே...” காசிம் பாய் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். பிறகு எங்கள் கூட்டங்களுக்கு அவர் வரவேயில்லை.

விருந்தினரின் மானத்தைக் காத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்! இந்த நாட்டிலும் வீடுகள் எரிந்தனவே... அப்போது ஜெபம் மட்டுமே செய்தவள் நான். அந்தக் கேள்வி சுட்டது என்னைத்தான்.

ஒரு மழைக்காலம் முழுதும் லான்மடாவ் பக்கமே போகாமல் சுற்றி நடந்தேன். பின் ஒரு பிற்பகலில் அவர் கடை வாசலில் நின்று உள்ளதைச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. “அப்ப அந்த மனுஷன் காதுக்கு என் கேள்வி போகவே இல்லையா?”

“இல்லை பாய்.”

“இத்தனை நாளா அவரைத்தானே நான் சபிச்சுக்கிட்டிருந்தேன்...” என் கைப்பேசியைச் சுட்டிக்காட்டினார். “அவரைக் கூப்பிடுங்க.”

இம்முறை ஒரு சொல் விடாமல் சொன்னேன். என் களவையும் சேர்த்து. குரு சிரிக்கவில்லை.

“ஒரு வீடு நின்றது,” என்றார். “பிறகு அதையும் இடித்துவிட்டார்கள். என் மகளும் இதையேதான் கேட்கிறாள். ஆனால் அடுத்த அறுவடைக்கும் போவேன். இவர் என்னோடு மறுபடி பேசுவாரா?”

“பேசறேன்னு சொல்லுங்க. ஆனா கேக்கறதை விடமாட்டேன்னும் சொல்லுங்க.”

இப்போது வெள்ளிக்கிழமைகளில், தொழுகை முடிந்ததும் இருவரும் என் மொழிபெயர்ப்பில் பேசுகிறார்கள். பல நாள் சண்டைதான்! ஆயினும் யாரும் பாதியில் எழுந்து போவதில்லை. மரங்கள் வெட்டப்பட்ட நிலத்தில், விவசாயியோடு சேர்ந்து நட்ட ஒலிவக் கன்றின் படத்தைச் சென்ற வாரம் குரு அனுப்பினார். காசிம் பாய் அதை அச்சிட்டுக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருக்கிறார்.

ஆனால்... நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்ததும் காசிம் பாய் என் முகத்தையே பார்க்கிறார்.

“அப்படியே சொன்னீங்களா, சயாமா?”

“அப்படியே சொன்னேன், பாய்.”

அவர் தலையசைப்பதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்பார்.