அப்பா குனிந்த ஞாயிறு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கொருக்குப்பேட்டை வீட்டுக்கு ஒரு பிக்கு சாப்பிட வந்தார். வேறு யாருமில்லை... என் தம்பி சேகர்தான்!

பாலி மொழியும் பௌத்த நூல்களும் படிக்க இலங்கைக்குப் போனவன். அங்கேயே துறவும் ஏற்று, மழித்த தலையும் செங்காவியுமாக வந்து நிற்கிறான். மன்னிக்கணும்... நிற்கிறார். சின்ன வயசில் நான் காதைத் திருகிய பையனை ‘அவர்’ என்று சொல்வது லேசான காரியமா? அம்மா “டேய்” என்று ஆரம்பித்து “பந்தே” என்று முடித்தாள். பிக்குவை நாங்கள் மரியாதையாகக் கூப்பிடுவது அப்படித்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. வீட்டுக்கு வரும் பிக்குவை, பெற்றவர்களே ஆனாலும், மண்டியிட்டுத் தலை தரையில் பட வணங்க வேண்டும். அம்மாவும் நானும் வணங்கிவிட்டோம். அப்பா?

அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். வாலிபத்தில் ஒரு மேஸ்திரி, காலில் விழுந்தால்தான் வேலை என்றானாம். விழாமல் வெளியே வந்தவர், பிறகு பௌத்தரானார். எங்களுக்கு சீலங்கள், அதாவது ஒழுக்க விதிகள், ஐந்து. அப்பாவுக்கு மட்டும் ஆறாவதாக ஒன்று — “எவன் கால்லயும் வுழ மாட்டேன்!”

பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா சொல்லிப் பார்த்தார். “எங்கள்ல புள்ள ஃபாதர் ஆனா, பெத்தவங்களே முட்டி போட்டு ஆசீர்வாதம் வாங்குவாங்கண்ணா.”

“அது உங்க வழக்கம்.” அப்பா நாற்காலியை விட்டு அசையவில்லை.

நடுப்பகலுக்கு மேல் பிக்குகள் சாப்பிட மாட்டார்கள். அம்மா கடிகாரத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். தெருவே கூடி நிற்கும்போது பெற்ற வீட்டிலேயே பிள்ளைக்கு மரியாதை இல்லையென்றால்? அவள் முகம் வாடிவிட்டது.

அப்பா தொண்டையைச் செருமினார். “இவ்ளோ பட்ச்சிகினு வந்துகீறியே, ஒண்ணு சொல்லு. ஆன்மா இல்லன்றோம். அப்ப மறுபொறப்பு யாருக்கு?”

போச்சுடா! கூட்டங்களில் எத்தனையோ பேச்சாளர்களை அப்பா மடக்கிய கேள்வி இது. சிலர் சிரித்து மழுப்புவார்கள். சிலர் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

சேகர் மழுப்பவில்லை. ஒரு பாலி வரியைச் சொல்லி, சொல் சொல்லாகப் பிரித்தார். விளக்கமெல்லாம் அசல் கொருக்குப்பேட்டை தமிழில்! “ஒரு வெளக்குலேர்ந்து இன்னொண்ண ஏத்துறோம். பழைய நெருப்பு எய்ந்து நடந்தா வந்துச்சி?”

“அத்த நானும் பட்ச்சிகீறேன். அப்ப அங்கேர்ந்து இங்க இன்னாதான் வருது?”

பழைய உரைகாரர்கள் இதில் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போனார் சேகர். கடைசியில், “அதுக்கு மேல எனக்குத் தெரிலப்பா. இன்னும் படிக்கணும்” என்றார்.

இத்தனை படித்த பிறகும் ‘தெரியாது’ என்று கூசாமல் சொல்ல எத்தனை பேரால் முடியும்? எங்கள் தெருப் பிள்ளையால் முடிகிறது. பெருமை தாங்கவில்லை.

அப்பா எழுந்தார். துண்டு தோளிலேயே இருந்தது. மெதுவாக மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்கினார். “சாப்ட வாங்க, பந்தே.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சோற்றுப் பாத்திரத்தை எடுக்க ஓடினாள்.

பிலோமினா அக்கா விடுவாரா? “இன்னாண்ணா, யார் கால்லயும் வுழ மாட்டேன்னியே?”

அப்பா முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். “வுழுன்னு எவனா சொன்னானா? நானா வுழுந்தேன்!”

அந்தத் திமிருக்காகவே அவருக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.